வளைவு வேண்டாம், வியாழக்கிழமை வேண்டும்

மறைந்த எங்கள் இருதய டாக்டர் ஐயாவின் நினைவுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

குழுவில் இருக்கும் பெரியவர்களுக்கு,

நீங்கள் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்த நோட்டீஸ் எனக்கும் வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பும் இடத்தில் டாக்டர் ஐயா பெயரில் ஒரு வளைவு. வளைவைத் தாண்டியதும் மார்பளவுச் சிலை. அவர் கிளினிக் நடத்திய இரண்டு அறைகளில் முன்னறை இனி நினைவு அறை. அவர் உட்கார்ந்த நாற்காலி, ஸ்டெதஸ்கோப், ஈசிஜி மெஷின், நோயாளிகளின் நோட்டுகள் எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் போகின்றன. பின்னறையை இடித்து மூன்று கடை கட்டி வாடகைக்கு விடப்போகிறீர்கள். அந்த வாடகையில் சிலைக்கு மாலையும், வருஷா வருஷம் நினைவு நாளும், அன்னதானமும்.

கிளினிக் எங்கே என்று நோட்டீஸை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

அந்த ஈசிஜி மெஷின் பழுதான மெஷின் இல்லை. பேப்பர் ரோல் போட்டு, மார்பில் ஒட்டும் கிண்ணங்களைத் துடைத்து வைத்தால் இன்றைக்கும் ஓடும். ஓடுகிற மெஷினைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, அதற்கு முன்னால் குத்துவிளக்கு ஏற்றினால் அது மரியாதை ஆகிவிடுமா? அவர் இருந்திருந்தால் உங்களை எப்படித் திட்டியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். நோட்டீசில் 'கருணையே உருவானவர்' என்று போட்டிருக்கிறீர்கள். அப்படி ஒருவரை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவர் மகா கோபக்காரர். பீடிக்கட்டைச் சட்டைப் பையிலிருந்து உருவி ஜன்னல் வழியே எறிந்தவர். மாத்திரையை நிறுத்திவிட்டு வந்த சம்மாட்டியை, அதாவது படகு முதலாளியை, பத்துப் பேர் நடுவில் 'போட்டு ஓனர்னா இருதயம் தனியா செஞ்சு குடுப்பாங்களா?' என்று கேட்டவர். அவ்வளவு பேச்சு வாங்கியும் அடுத்த வியாழக்கிழமை அந்தச் சம்மாட்டி வரிசையில் நின்றார். அதுதான் டாக்டர்.

உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். கிளினிக்கில் ஊசி நோட்டு எழுதியவள். அதற்கு முன்னால் அதே நோட்டில் என் பேரும் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சின்ன வயதில் எனக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து போனது. இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கியது. அது வற்றியதும் கணுக்கால், அப்புறம் முழங்கை. வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலி என்றார்கள்; வேப்பெண்ணெய் தடவினார்கள்; சரியாகிவிட்டது. சரியாகவில்லை என்பது, குடத்தோடு குழாயடியிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் மூச்சு வாங்கியபோதுதான் தெரிந்தது. ருமாட்டிக் காய்ச்சல் என்று பேர். தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்கப் போன உடம்பு, ஆள் தெரியாமல் தன் மூட்டையும் தன் இருதயத்தையுமே தாக்குகிறது. மூட்டு வீக்கம் தடம் தெரியாமல் போய்விடும். இருதய வால்வில் விழுந்த தழும்பு போகாது. அடுத்த தடவை தொண்டை வலி வந்தால் தழும்பின்மேல் தழும்பு விழுந்து வால்வு இன்னும் சுருங்கும். ஐந்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளைத்தான் அதிகம் பிடிக்கும். அதுவும் ஒரே அறையில் ஆறு பேர், ஏழு பேர் படுக்கிற வீட்டுப் பிள்ளைகளை. நம் கடற்கரைக் குடியிருப்புகளை இதற்குமேல் நான் விவரிக்க வேண்டியதில்லை.

என் வால்வைப் பலூன் வைத்து விரித்தார்கள், மதுரையில். கையெழுத்துப் போட அப்பா பயந்து நின்றபோது கூட நின்றவர் டாக்டர் ஐயா. திரும்பி வந்ததும் அவர் சொன்ன விஷயம்தான் எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது. 21 நாளுக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி. பென்சாத்தின் பென்சிலின், 12 லட்சம் யூனிட். எடை குறைந்த சின்னப் பிள்ளைகளுக்கு 6 லட்சம். வால்வு எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துப் பத்து வருஷம், நாற்பது வயது வரை, சிலருக்கு ஆயுசு முழுக்க. விலை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் மருந்து கெட்டியாக இருக்கும், ஊசியை அடைத்துக்கொள்ளும், இடுப்பில் போட்டால் இரண்டு நாள் உட்கார முடியாது. ஒவ்வாமை வந்துவிடுமோ என்று பல டாக்டர்கள் இந்த ஊசியைத் தொடவே யோசிப்பார்கள். லாபம் இல்லாத சரக்கு என்று மருந்துக்கடையிலும் வாங்கி வைப்பதில்லை. பதினாலு வயதுப் பெண்ணுக்கு உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. பள்ளிக்கூடம் போகிறாள், ஓடுகிறாள். அவளைப் பிடித்து மூணு வாரத்துக்கு ஒரு தடவை இவ்வளவு வலிக்கிற ஊசியை ஏன் போட வேண்டும் என்று எந்தத் தாய்க்கும் தோன்றும்.

அங்கேதான் அவருடைய வேலை இருந்தது. டெஸ்ட் டோஸ் போட்டுக் காத்திருந்து, பிறகு ஊசி போட்டு, அரை மணி நேரம் திண்ணையில் உட்கார வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார். ஒவ்வாமை வந்தால் கொடுக்க வேண்டிய மருந்து பக்கத்துத் தட்டில் எப்போதும் தயாராக இருக்கும். வராத பிள்ளையின் பேரை நான் சிவப்பில் சுழிக்க வேண்டும். சுழித்த பேர் இரண்டு வாரம் அப்படியே கிடந்தால் அவரே திருப்பாலைக்குடிக்கோ நம்புதாளைக்கோ வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

சுவரில் அவர் ஒட்டியிருந்த படம் நினைவிருக்கிறதா? காமராஜர் படத்துக்குப் பக்கத்தில், வெள்ளைக்கோட்டு போட்ட வயதான அம்மா ஒருவரின் படம், பேப்பரில் கத்தரித்தது. அவருடைய அம்மா என்றுதான் பலரும் நினைத்தார்கள். அது டாக்டர் எஸ். பத்மாவதி. 1917இல் பர்மாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ரங்கூனில் டாக்டருக்குப் படித்தார். ஜப்பான்காரன் படையெடுத்தபோது கோயம்புத்தூருக்கு ஓடி வந்தது அந்தக் குடும்பம். பிறகு வெளிநாடு போய் இருதய மருத்துவம் படித்துத் திரும்பி, ஐம்பதுகளிலேயே டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் இருதய கிளினிக் தொடங்கினார். இந்தியாவின் முதல் பெண் இருதய மருத்துவர். 1967இல் பத்மபூஷண், 1992இல் பத்மவிபூஷண். 2020 ஆகஸ்டில் கொரோனாவில் போகும்போது அவருக்கு 103 வயது; நூறு வயதுக்குப் பக்கத்திலும் நோயாளி பார்த்தவர். ருமாட்டிக் இருதய நோயைப் பற்றி ஆயுள் முழுக்கப் பேசியவர் என்பதால்தான் நம் டாக்டருக்கு அவர்மேல் அத்தனை பக்தி. ஊசிக்குப் பயந்து அழுகிற பெண்பிள்ளைகளிடம், 'இந்த அம்மா அகதியா வந்தவங்க, தெரியுமா?' என்றுதான் கதையை ஆரம்பிப்பார். கதை முடிவதற்குள் ஊசி இறங்கியிருக்கும். அந்தப் படத்தையும் கண்ணாடிப் பெட்டியில் போடுகிறீர்களோ என்னவோ, நோட்டீசில் எழுதவில்லை.

அவர் வாழ்க்கை வரலாறு என்று நோட்டீசின் பின்பக்கம் அடித்திருப்பதில் படிப்பும் பட்டமும் வரிசையாக இருக்கின்றன. பரமக்குடி நெசவாளர் வீட்டுப் பிள்ளை என்பது இல்லை. தறிச் சத்தத்தில் படித்துப் பழகியதால்தான் கூட்டத்துக்கு நடுவிலும் இருதயச் சத்தம் தனியாகக் கேட்கிறது என்று அவரே கேலியாகச் சொல்வார். மதுரையில் படித்தார், சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் நல்ல சம்பளத்தில் இருந்தார், தலை நரைக்க ஆரம்பித்த வயதில் இங்கே வந்தார். ஏன் வந்தார் என்பதற்கு ஊரில் நாலு கதை உண்டு. நாலில் ஒன்றையும் அவர் ஒப்புக்கொண்டதில்லை. மற்ற நாளெல்லாம் ராமநாதபுரத்தில் வைத்தியம் பார்த்துச் சம்பாதித்தார். வியாழக்கிழமை மட்டும் இங்கே. வாசலில் தகர உண்டியல் ஒன்று இருந்தது. போடுகிறவர் போடலாம், யாரும் பார்க்க மாட்டார்கள். மீன் கொண்டுவந்தால் மட்டும் திட்டித் திருப்பி அனுப்புவார். சுறாவாக இருந்தால் திட்டிவிட்டு வாங்கிக்கொள்வார்.

ஏன் வியாழக்கிழமை என்று உங்களில் யாராவது கேட்டதுண்டா? நான் கேட்டேன். விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று கடலைப் பங்கு போட்டிருக்கிறோம். புதன்கிழமை போன விசைப்படகு வியாழன் காலையில் கரை சேரும். மீனை இறக்கிவிட்டுக் குளித்துச் சாப்பிட்டால் மதியத்துக்கு மேல் ஆம்பிளைகள் சும்மா இருப்பார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ, ஞாயிற்றுக்கிழமை பூசை, செவ்வாய்க்கிழமை அம்மன் கோயில். யாருடைய சாமியோடும் மோதாத நாள் வியாழன் என்று கண்டுபிடித்து அந்த நாளை வைத்தார். இப்படி யோசிக்கத் தெரிந்த ஒருவருடைய பேரில், இரவு எட்டு மணிக்குப் பெண்கள் வர முடியாத நேரத்தில் குழுக் கூட்டம் நடக்கிறது.

படகுப் பொட்டலத்தைப் பற்றியும் நோட்டீசில் ஒரு வார்த்தை இல்லை. நெஞ்சு அடைத்தால் நம் ஆட்கள் முதலில் சொல்வது வாய்வு. சோடா குடிப்பார்கள், ஓமத்திரவம் குடிப்பார்கள், முதுகை நீவச் சொல்வார்கள். கரையில் இருக்கிறவருக்கே இப்படி என்றால் கடலில்? மாரடைப்பில் இருதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்த நிமிஷத்திலிருந்து சதை செத்துக்கொண்டே வருகிறது. முதல் ஒரு மணி நேரத்தில் கட்டியைக் கரைக்கிற ஊசி கிடைத்தால் பெரும்பங்கு தப்பும், நேரம் போகப் போகத் தப்புவது குறைந்துகொண்டே வரும். படகு கரைக்குத் திரும்பவே சில மணி நேரம் ஆகும். அதனால் ஒவ்வொரு படகுக்கும் ஒரு பிளாஸ்டிக் பொட்டலம் கொடுத்தார். உள்ளே ஆஸ்பிரின் மாத்திரை மட்டும். மேலே அவர் கையெழுத்தில்: 'நெஞ்சு அடைச்சா மெல்லு. படகைத் திருப்பு. வலை போனா போகட்டும்.' நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையையும் சேர்த்துக் கொடுக்கலாமே என்று ஒரு தடவை கேட்டேன். அது ரத்த அழுத்தத்தை இறக்கும், ஏற்கெனவே இறங்கிக் கிடக்கிறவனுக்குக் கடல் நடுவில் அதைக் கொடுத்தால் யார் தூக்கி நிறுத்துவது என்றார். வயிற்றுப்புண் இருக்கிறவர், ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர் யார் யார் என்று ஒவ்வொரு டிரைவரிடமும் கேட்டு எழுதிய பிறகுதான் பொட்டலம் கைக்கு வரும். ஜிபிஎஸ் பெட்டிக்குப் பக்கத்தில் அதை ஒட்டிவைக்க வேண்டும்.

அந்தப் பொட்டலத்து மாத்திரையை மென்றுகொண்டு கரைக்கு வந்தவர் ஒருவர் உங்கள் குழுவிலேயே இருக்கிறார். பேர் சொல்ல மாட்டேன். 108 வண்டி ஜெட்டியில் காத்திருந்தது, ராமநாதபுரத்தில் ஊசி போட்டார்கள், மதுரையில் அடைத்த குழாயைத் திறந்து வைக்கிற ஸ்டென்ட் என்ற கம்பிவலைக் குழலை வைத்தார்கள். இன்றைக்கு வளைவுக்கு எந்தக் கலர் அடிப்பது என்று அவரும் சேர்ந்துதான் பேசிக்கொண்டிருக்கிறார். காக்கா (அண்ணே), உங்களுக்கு நினைவிருக்கும் என்று நம்புகிறேன்.

உப்புக்காற்றில் ஆஸ்பிரின் நிற்காது. ஈரம் பட்டால் சிதைந்து வினிகர் வாடை அடிக்கும். டாக்டர் பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்து மாற்றுவார். போன ஐப்பசியில் அவர் இறந்த பிறகு ஒரு பொட்டலமும் மாற்றப்படவில்லை. இந்தச் சித்திரையில் மீன்பிடித் தடைக்காலத்துக்குக் கரையேற்றியிருக்கும் படகுகளில் ஏறிப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் பொட்டலமே இல்லை. இருந்தவற்றைப் பிரித்தால் வினிகர் வாடை.

தடைக்காலம் என்றதும் இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் கிடக்கும். பலகை மாற்றுவீர்கள், இன்ஜினைப் பிரிப்பீர்கள், பெயின்ட் அடிப்பீர்கள். 'போட்டைக் கரையேத்திப் பாக்குறீங்கல்ல, போட்டு ஓட்டுறவனையும் ஏத்துங்கடா' என்று சொல்லி அந்த இரண்டு மாதத்தில்தான் ஆம்பிளைகளுக்கெல்லாம் பிரஷரும் சர்க்கரையும் பார்ப்பார். கருவாட்டை நிறுத்து என்று சொல்ல மாட்டார். அப்படிச் சொன்னால் நம் ஊரில் மாத்திரையைத்தான் நிறுத்துவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஊறவைத்து, இரண்டு தண்ணீர் மாற்றிக் கழுவி, குழம்புக்குத் தனியாக உப்புப் போடாதே என்பார். இந்த வருஷத் தடைக்காலத்தில் யாருக்கும் யாரும் பிரஷர் பார்க்கவில்லை.

வால்வு மாற்றியவர்களின் பாடு இன்னொரு மாதிரி. நம் தெருவிலேயே ஒரு லாத்தாவுக்கு (அக்காவுக்கு) சித்ரா வால்வு என்ற செயற்கை வால்வு இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தானும் அவர் கூட இருந்தவர்களும் உருவாக்கியது. 1990 டிசம்பரில் முதல் ஆளுக்குப் பொருத்தினார்கள். வெளிநாட்டு வால்வை விலை கொடுத்து வாங்க முடியாத ஏராளமான பேர் அதனால்தான் பிழைத்தார்கள். ராத்திரி அமைதியில் பக்கத்தில் படுத்திருப்பவருக்கு அதன் டிக் டிக் சத்தம் கேட்கும். அது கேட்டால்தான் தனக்குத் தூக்கம் வருகிறது என்பார் அவர் வீட்டுக்காரர். இந்த வால்வு இருப்பவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது. மாத்திரை கூடினால் ரத்தம் கசியும், குறைந்தால் வால்வில் கட்டி பிடிக்கும். அதற்காக மாதா மாதம் ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை. வியாழக்கிழமை சாயங்காலம் ரத்தம் எடுத்துச் சின்ன ஐஸ் பெட்டியில் வைத்து ராமநாதபுரம் பஸ்ஸில் கொடுத்து அனுப்புவோம். ராத்திரியே போனில் ரிசல்ட் வரும். அவர் அளவைச் சொல்வார். முருங்கைக்கீரை சாப்பிடலாமா என்று லாத்தா கேட்டபோது, 'சாப்பிடுங்க, ஆனா ஒரு வாரம் கட்டுக்கட்டா தின்னுட்டு மறு வாரம் தொடாம இருக்காதீங்க, எப்பவும் ஒரே அளவு' என்றார். இதைச் சொல்ல இப்போது ஆள் இல்லை. லாத்தா கீரையை ஒரேயடியாக விட்டுவிட்டார், பரிசோதனையையும் விட்டுவிட்டார்.

ஊசி நோட்டில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். கிளினிக் பூட்டிய முதல் மாதம் நானே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு போட மறுத்தார்கள். ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்றார்கள். சில பிள்ளைகளுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். தினம் இரண்டு வேளை மாத்திரையைப் பள்ளிக்கூடப் பிள்ளை எத்தனை மாதத்துக்கு விடாமல் போடும்? தை மாதத்துக்குள் நோட்டில் பாதிக்கு மேல் சிவப்பு. ஒரு பெண், போன வருஷம் கல்யாணம் ஆனவள், இப்போது வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறாள். வால்வு சுருங்கிய இருதயத்துக்குப் பிரசவ காலம் பெரிய சோதனை. உடம்பில் ரத்தம் கூடக்கூட இருதயம் திணறும். அவளால் மல்லாந்து படுக்க முடியவில்லை. உட்கார்ந்தே தூங்குகிறாள். டாக்டர் இருந்தவரை கல்யாணப் பேச்சு வரும்போதே பெண்ணையும் பெற்றவரையும் கூப்பிட்டு வைத்து, எக்கோ என்ற இருதய ஸ்கேன் எடுத்துப் பார்த்து, எப்போது பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுவார். இவளுக்கு அது நடக்கவில்லை. இப்போது மதுரையில் பார்க்கிறார்கள்.

நோட்டுகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். யோசித்துத்தான் எழுதினீர்களா? அதில் கல்யாணமாகாத பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். இருதயத்தில் கோளாறு என்று ஒரு வார்த்தை வெளியே போனால் எத்தனை சம்பந்தம் நிற்கும் என்று பெண் பெற்றவர்களுக்குத் தெரியும். டாக்டருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் நோட்டில் பெண்பிள்ளைகளின் பேர் கிடையாது. செங்கனி, நகரை, சூடை, ஊளி, கிளாத்தி என்று மீன் பேர்தான். எது யார் என்று அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். நான்தான் நகரை. எனக்குக் கல்யாணமாகி வருஷமாகிவிட்டது, அதனால் சொல்கிறேன். மற்ற மீன்களின் பேரை யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன். நோட்டுகள் என்னிடம்தான் இருக்கின்றன. பெட்டிக்குத் தரப் போவதில்லை.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்டேன். உங்களில் ஒருவர், 'அதையெல்லாம் இப்ப கவர்மென்டே செய்யுதும்மா' என்றார். செய்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. 2021இலிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2023இல் 'இதயம் காப்போம்' திட்டம் வந்த பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கு முதல் மாத்திரைகளை, ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டர்வாஸ்டேட்டின் சேர்த்து 14 மாத்திரை, கொடுத்து அனுப்புகிறார்கள். ராமநாதபுரத்திலேயே 2022இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இத்தனையும் நல்லது. ஆனால் வாய்வு என்று சோடா குடித்துக்கொண்டிருப்பவனை எழுப்பிச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பப் பக்கத்தில் ஒரு வாய் வேண்டும். 21 நாள் ஊசி எங்கள் தெருவுக்கு எந்த வண்டியிலும் வரவில்லை. டாக்டர் அரசாங்கத்துக்குப் போட்டியாகக் கிளினிக் நடத்தவில்லை. யாரை எங்கே எப்போது அனுப்ப வேண்டும் என்பதைப் பார்த்துக்கொண்டார். காப்பீட்டு அட்டையை எடுத்து வரச் சொல்லி, எந்த ஆபரேஷன் அதில் வரும் என்று எழுதிக் கொடுத்தார். 2017இல் மத்திய அரசு ஸ்டென்ட் விலைக்கு வரம்பு வைத்தபோது, சாதா ஸ்டென்ட் 7,260, மருந்து பூசியது 29,600 என்று பெரிய எழுத்தில் எழுதி வாசலில் ஒட்டினார், யாரும் ஏமாறக்கூடாது என்று. அந்த வேலையை எந்தத் திட்டமும் செய்வதில்லை. மனுஷர்தான் செய்ய வேண்டும்.

இன்னொருவர், கலாமுக்குப் பேய்க்கரும்பில் மணிமண்டபம் இல்லையா, நம் டாக்டருக்கு ஒரு வளைவாவது வேண்டாமா என்றார். மணிமண்டபத்துக்கு நானும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அதே கலாம், இருதய டாக்டர் சோமராஜுவோடு சேர்ந்து தொண்ணூறுகளில் விலை குறைந்த ஸ்டென்ட் ஒன்றை உருவாக்கினார். கலாம்–ராஜு ஸ்டென்ட் என்றே அதற்குப் பேர். ராமேஸ்வரத்துக்காரர் ஒருவரின் பேர் இருதய வைத்தியத்தில் அப்படித்தான் ஏறியது. நம் டாக்டரின் பேரும் அதே மாதிரி ஒரு வேலையின்மேல் நிற்கட்டும் என்கிறேன். சிலையே கூடாது என்று சண்டை போடவில்லை. முதலில் சிலை, பிறகு பார்ப்போம் என்கிறீர்களே, அந்த வரிசையைத்தான் எதிர்க்கிறேன்.

ராமநாதபுரத்திலிருந்து ஒரு இளம் டாக்டர், நம் டாக்டரிடம் வேலை பழகியவர், மாதம் இரண்டு வியாழக்கிழமை வந்து பார்க்கிறேன் என்று மார்கழியிலேயே உங்களுக்கு எழுதிக் கொடுத்தார். பணம் கேட்கவில்லை. அறையைத் திறந்துவிடுங்கள், கூட ஒரு நர்ஸுக்குச் சம்பளம் கொடுங்கள் என்றுதான் கேட்டார். பதில் போகவில்லை. நான் நேரில் வந்து கேட்டபோது, கடை கட்டுவதா வேண்டாமா என்று முடிவானதும் சொல்கிறோம் என்றீர்கள். முடிவு நோட்டீசாக வந்துவிட்டது.

ஆகவே கேட்கிறேன்.

பின்னறையை இடிக்கும் முடிவைக் கைவிடுங்கள். சாவியை இந்த மாதத்துக்குள் அந்த டாக்டரிடம் கொடுங்கள், அவருக்கு எழுத்தில் பதில் அனுப்புங்கள். ஈசிஜி மெஷின் மேசைமேல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பேப்பர் ரோலும் ஜெல்லும் நான் வாங்கிப் போடுகிறேன். நாற்காலியை வேண்டுமானால் பெட்டியில் வையுங்கள், அது எப்படியும் ஒரு கால் ஆடும்.

வளைவுக்கு வசூலித்த பணத்திலிருந்து முதல் வருஷத்துக்கு நர்ஸ் சம்பளமும், பென்சிலின் ஊசியும், ஐஎன்ஆர் பரிசோதனைச் செலவும் ஒதுக்குங்கள். வசூல் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று பள்ளிவாசலிலும் கோயிலிலும் சர்ச்சிலும் எழுதி ஒட்டுங்கள். மிச்சம் இருந்தால் வளைவு கட்டுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

ஜூன் 14 நள்ளிரவோடு தடைக்காலம் முடிகிறது. அதற்குள் எல்லாப் படகிலும் புதுப் பொட்டலம் ஒட்டியாக வேண்டும். யாருக்கு ஆஸ்பிரின் ஆகாது என்ற பட்டியல் என்னிடம் இருக்கிறது. அந்த டாக்டர் அதை ஒரு தடவை பார்த்துச் சரி சொல்ல வேண்டும். கிளினிக் திறப்பதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போட முடியாது.

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த ஊசி எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும், அங்கேயே போட வேண்டும் என்று கேட்டுச் சுகாதாரத் துறைக்குக் குழுவின் பேரில் மனு கொடுங்கள். உங்கள் கையெழுத்துக்கு இருக்கிற மதிப்பு என் கையெழுத்துக்கு இல்லை. மனுவை நான் எழுதி வைத்திருக்கிறேன், படித்துப் பார்த்துக் கையெழுத்து மட்டும் போடுங்கள். நோட்டுகளை அங்கே ஊசி போடப்போகும் டாக்டர் கையில் நேராக ஒப்படைப்பேன்.

குழுவில் பெண்களைச் சேருங்கள். வால்வு மாற்றிய வீட்டிலிருந்தும், ஊசி போடுகிற பிள்ளைகளின் வீட்டிலிருந்தும் குறைந்தது மூன்று பேர். அடுத்த கூட்டத்தைப் பகலில் வையுங்கள். வியாழக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு எங்களுக்குக் கிளினிக் இருக்கும்.

இப்படிக்கு,
ஊசி நோட்டில் 'நகரை'